அம்மாவின் பெயரைச் சொன்னது யார்?

இரண்டு நாட்களாக அந்த வீட்டில் எல்லோரும் மேனுஷாவிடம் அளவுக்கு மீறி அன்பாக இருந்தார்கள். அதுதான் அவளுக்குப் பயத்தைக் கொடுத்தது.

ஃபாரஸ்ட் கேட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பெரியப்பா பாலேந்திரா, காலையில் கடை திறக்கப் போகுமுன் அவள் அறை வாசலில் தேநீர் வைத்தார். அவள் கதவைத் திறப்பதற்குள் படியிறங்கிப் போய்விட்டார். எதற்கெடுத்தாலும் அவளைச் சீண்டும் பெரியம்மாவின் மகன் கீர்த்தனன், கவுன்சில் வேலையை இன்று வீட்டிலிருந்தே பார்ப்பதாகச் சொல்லிக் கூடத்தில் கணினியோடு இருந்தான். அவள் கீழே வந்த ஒவ்வொரு முறையும் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தான்.

பெரியம்மா கமலாம்பிகை, மேனுஷாவுக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பால்கறி வைத்திருந்தார். அவள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தவர் தனக்குச் சோறு போட மறந்துவிட்டார்.

கிளிநொச்சியில் அம்மா ராஜலட்சுமியையும் தம்பி ஜெனோசனையும் விட்டுவிட்டு, நீர்வளப் பொறியியல் படிக்க மேனுஷா லண்டன் வந்தது போன செப்டெம்பரில். அம்மாவின் அக்காதான் கமலாம்பிகை. பிளேஸ்டோவில் அவருடைய வீட்டு மாடியில், கட்டிலும் மேசையும் போட்டால் நிற்க இடமில்லாத அந்தச் சின்ன அறையில்தான் மேனுஷா குளிர்காலம் முழுவதையும் படித்துக் கழித்தாள். நாளை காலை கடைசிச் சோதனை. அது முடிந்தால் ஆய்வுக் கட்டுரை மட்டும்தான் பாக்கி.

நாள் தவறாமல் மாலையில் அம்மாவோடு பேசுவாள். இங்கே மாலை என்றால் அங்கே அம்மா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகும் நேரம். இந்தச் சில நாட்களாக அம்மா முகம் காட்டவில்லை. போனில் கமரா வேலை செய்யவில்லையாம். குரல் கம்மியிருந்தது. தடிமனாம், வெறும் சளிதானாம். தம்பியைக் கேட்டால், ஒன்றுமில்லை, நீங்கள் படியுங்கள் என்று போனை வைப்பதிலேயே குறியாக இருந்தான்.

மத்தியானத்துக்குப் பிறகு அவள் அதே பக்கத்தை நான்காவது தடவையோ ஐந்தாவது தடவையோ வாசித்துக்கொண்டிருந்தபோது, பெரியம்மா கோயிலுக்குப் போகும் சேலையில் வந்து நின்றார்.

"வெளிக்கிடு பிள்ளை. ஒரு இடத்துக்குப் போட்டு வருவம்."

"நாளைக்குச் சோதனை, பெரியம்மா."

"படிச்சது காணும். தலைக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்."

மேனுஷா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் படிக்கிறாள் என்பதற்காக, வீட்டுக்கு வந்த விருந்தாளிகளையே வாசலோடு அனுப்பிவைத்த பெரியம்மா இவர். எங்கே போகிறோம் என்று கேட்டாள். ஒரு பெரிய சேர்ச்சுக்கு என்றார் பெரியம்மா. அங்கே பின்னேரத்தில் நல்லாய்ப் பாடுவார்களாம். வெள்ளிக்கிழமை தவறாமல் முருகன் கோயிலுக்குப் போகிற மனுசி, கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிற மனுசி, சேர்ச்சில் பாட்டுக் கேட்க எப்போது ஆசைப்பட்டார்?

அவள் சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறையில் பெரியம்மாவும் கீர்த்தனனும் அடங்கிய குரலில் வாக்குவாதப்படுவது கேட்டது. அவள் எட்டிப்பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். கீர்த்தனன் அவளைப் பார்க்காமல், வேலை முடிந்ததும் தானும் அங்கே வருவதாகச் சொன்னான்.

ரயிலில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருக்கை இருந்தும் எழுந்து நின்றாள். மறுபடி உட்கார்ந்தாள். அம்மாவுக்கு அழைக்கப் போனை எடுத்தபோது, போய்ச் சேர்ந்ததும் எடுக்கலாம் என்று பெரியம்மா தடுத்தார். வெஸ்ட்மின்ஸ்டரில் இறங்கி மேலே ஏறியதும் அவள் முதல் வேலையாக அழைத்தாள். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. தம்பியின் போன் நிறுத்தப்பட்டிருந்தது.

கரண்ட் இல்லையாக்கும் என்றார் பெரியம்மா. சொல்லிவிட்டு உல்லாசப் பயணிகளின் கூட்டத்துக்குள் அவளைவிட வேகமாக நடந்தார். முழங்கால் வலிக்காரி அப்படி நடந்து மேனுஷா பார்த்ததில்லை.

சேர்ச்சின் பெயரைப் பெரியம்மா சொல்லவில்லை. பெரிய வீதியிலிருந்து ஒதுங்கி, புல்தரைக்கு அப்பால் கரிய கல்லில் நின்ற பழைய கட்டடம் அது. பலகையைப் பார்க்காமலே அவருக்கு வழி தெரிந்திருந்தது.

வாசலில் நின்றவர் ஆளுக்கொரு புத்தகம் கொடுத்து, போன்களை நிறுத்தச் சொன்னார். மேனுஷா இன்னொரு தரம் அம்மாவின் இலக்கத்தைத் தட்டப் போனாள். பெரியம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கி, அணைத்து, தன் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். கேட்காமலே வாங்கினார். மேனுஷாவுக்குச் சுருக்கென்றது.

"நீ போய் இரு. நான் இந்தா வாறன்."

அவள் தூண் ஓரமாக இடம் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். கறுப்பு அங்கி போட்ட ஒரு பெண் பாதிரியாரிடம் பெரியம்மா ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டார். பெரியம்மா இரண்டு முறை மூன்று முறை எதையோ திருப்பிச் சொல்வது தெரிந்தது. வந்து உட்கார்ந்தபோது அவர் மூக்கை உறிஞ்சினார். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டதற்கு, எத்தனை மணிக்கு முடியும் என்று விசாரித்ததாகச் சொன்னார்.

பாடகர் குழு இரண்டிரண்டு பேராக வந்தது. சிறுவர்களும் சிறுமிகளும் முன்னால், வளர்ந்தவர்கள் பின்னால். எல்லோருக்கும் சிவப்பு அங்கி, அதன்மேல் வெள்ளை. இரு பக்க மர இருக்கைகளில் ஒருவரையொருவர் பார்த்து நின்றார்கள். முதல் குரல் எழுந்தபோது மேனுஷாவுக்கு உடம்பு சிலிர்த்தது. வாத்தியம் எதுவுமில்லை. ஒரு பக்கம் பாடி நிறுத்த மறுபக்கம் வாங்கிப் பாடியது. சின்னப் பிள்ளைகளின் குரல் கூரை வரை போய், அங்கே கொஞ்சம் நின்று, பிறகுதான் கீழே இறங்கியது.

வேறொரு நாளாக இருந்தால் அவள் கண்ணை மூடிக் கேட்டிருப்பாள். இன்று கால் நிலத்தில் நிற்க மறுத்தது. எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்பது தெரியாமல் முன்வரிசையைப் பார்த்துப் பார்த்துச் செய்தாள். குழாயில் ஓடும் நீரின் அழுத்தத்துக்கான சமன்பாட்டை மனதுக்குள் எழுதிப் பார்த்தாள். பாதியில் மறந்துபோனது. கிளிநொச்சியில் கரண்ட் இல்லாமல் அம்மாவின் போன் செத்துப்போயிருந்தால் அது எப்படி மணி அடிக்கும்? தடிமன்காரர் இந்த நேரத்தில் எங்கே போயிருப்பார்?

அடுத்த பாட்டின் பொருளைப் புத்தகத்தில் தேடினாள். ஒரு முதியவர் கடவுளிடம் சொல்வது. காணவேண்டியதைக் கண்ணால் கண்டுவிட்டாராம், இனி நிம்மதியாகப் போக விடும்படி கேட்கிறாராம். அவள் புத்தகத்தை மூடினாள். பக்கத்தில் பெரியம்மா தலை குனிந்து இருந்தார். உதடுகள் மட்டும் அசைந்தன. கிட்டக் காது கொடுத்துக் கேட்டாள். கந்தசஷ்டியில் சொல்லும் முருகனின் பெயர்களைத்தான் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்து எல்லோரும் முழந்தாளிட்டார்கள். கறுப்பு அங்கிப் பெண் முன்னால் வந்து நின்று, நாட்டுக்காகவும் போர் நடக்கும் இடங்களுக்காகவும் மன்றாடினார். பிறகு, நோயுற்றிருப்பவர்களை நினைப்போம் என்றார். ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் சற்று நிறுத்தினார். மார்கரெட். தோமஸ். எலினோர்.

பிறகு கொஞ்சம் தடுமாறி, கவனமாக, எழுத்துக்கூட்டுவதுபோல, ராஜா லட்சு மீ என்றார். இந்த நேரத்தில் சத்திரசிகிச்சை மேசையில் இருக்கிறார் என்றும் சேர்த்துச் சொன்னார்.

மேனுஷா முதலில் அதை வேறு யாரோ என்றுதான் நினைத்தாள். லண்டனில் எத்தனை ராஜலட்சுமி இருப்பார்கள். பிறகு பெரியம்மாவைப் பார்த்தாள். பெரியம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டிருந்தார்.

"அம்மாவோ?" என்று கேட்டாள்.

பெரியம்மா அவள் கையைப் பிடிக்க வந்தார். மேனுஷா அந்தக் கையைத் தட்டிவிட்டு, கைப்பையைப் பறித்து, முழந்தாளிட்டிருந்தவர்களின் கால்களைத் தாண்டி வெளியே நடந்தாள். வாசலில் நின்றவர் சத்தமில்லாமல் கதவைத் திறந்துவிட்டார். பின்னால் பாடகர் குழு மறுபடி பாடத் தொடங்கியிருந்தது.

வெளியே நல்ல வெயில். போன் உயிர்பெறும் வரை அவள் புல்தரை ஓரமாக அங்குமிங்கும் நடந்தாள். அம்மாவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. தம்பியின் போன் இன்னும் நிறுத்தப்பட்டிருந்தது. அதற்குள் பெரியம்மா மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவருக்குப் பின்னால், ரயிலடிப் பக்கமிருந்து கீர்த்தனனும் வந்தான். ஒரு பார்வையிலேயே அவனுக்கு விளங்கிவிட்டது.

"நான் சொன்னனான் அம்மா. சொல்லுங்கோ எண்டு சொன்னனான்" என்றான்.

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. அம்மாவின் கர்ப்பப்பையில் கட்டி. போன மாதமே தெரிந்துவிட்டது. கிளிநொச்சியில் வைத்துச் செய்ய ஏலாது என்று கொழும்புக்கு அனுப்பியிருந்தார்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் பகல் வேலை முடித்துவிட்டு வரும் டாக்குத்தர் என்பதால், தனியார் ஆஸ்பத்திரியில் இரவில்தான் ஒப்பரேசன். மேனுஷாவுக்குச் சொல்லக்கூடாது, அவள் சோதனை எழுதி முடிக்கட்டும் என்று அக்காவிடம் சத்தியம் வாங்கியிருந்தார் ராஜலட்சுமி. அழைத்து யாரும் எடுக்காவிட்டால் பிள்ளை பதறும், வீட்டில் இருந்தால் யாராவது உறவுக்காரர் அழைத்து வாய் தவறிவிடுவார்கள். போன் இல்லாமல் அவளை உட்காரவைக்கக்கூடிய ஒரே இடமாக இந்தச் சேர்ச்சுதான் பெரியம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது.

"கும்பிடச் சொல்லித்தான் பேரைக் குடுத்தனான். இப்பிடிச் சத்தமா வாசிப்பினம் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?" என்றார் பெரியம்மா.

மேனுஷா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று பெரியம்மாவுக்கு இருந்திருக்கும்.

"அம்மாவுக்கு ஏதும் நடந்திருந்தா, நான் உள்ளுக்கை இருந்து பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருப்பன். அதை நான் எப்பிடிப் பெரியம்மா பிறகு தாங்கிறது?"

கீர்த்தனன் மூன்று தண்ணீர்ப் போத்தல்கள் வாங்கி வந்தான். யாரும் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போகலாம் என்று பெரியம்மா கேட்டதற்கு, சுரங்க ரயிலுக்குள் சிக்னல் இருக்காது, வரமாட்டேன் என்றாள் மேனுஷா. மூவரும் ஆற்றோரமாக நடந்தார்கள். ஒரு மர வாங்கில் உட்கார்ந்தார்கள். அவள் எழுந்து நடந்தாள். அவர்களும் எழுந்தார்கள்.

பாலத்துக்குக் கிட்ட வந்தபோதுதான் பெரியம்மா வாய் திறந்தார். போரின் கடைசி மாதங்களில் லண்டன் தமிழர்கள் பாராளுமன்றத்துக்கு முன்னால் நாட்கணக்காக வீதியில் இருந்தார்களே, அப்போது அவரும் இருந்தார். வன்னியிலிருந்து தங்கச்சியைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. ஒரு பின்னேரம் குளிர் தாங்காமல் அந்தச் சேர்ச்சுக்குள் போய் ஒதுங்கினார். பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். அதன்பிறகு நாள் தவறாமல் போனார்.

"அப்பவும் பேர் குடுத்தனான். கொம்மாவின்ரை பேர், கொப்பாவின்ரை பேர், உங்கள் ரெண்டு பேரின்ரை பேர். அந்த நேரம் இருந்த சாமியார் சத்தம் போடாமத்தான் கும்பிட்டவர்."

மேனுஷாவுக்கு அப்போது எட்டு வயது. பதுங்குகுழியில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்தது அவளுக்கு நினைவிருக்கிறது. அப்பா தண்ணீர் எடுத்துவரப் போனதும் நினைவிருக்கிறது. அப்பா திரும்பி வரவில்லை. அந்த நாட்களில் எங்கோ ஒரு சேர்ச்சில் தன் பெயரை யாரோ மனதுக்குள் சொல்லியிருக்கிறார்கள் என்பது அவளுக்கு இன்றுதான் தெரியும். கோபம் போய்விடவில்லை. ஆனாலும் பெரியம்மா வலிக்கும் முழங்காலைத் தடவுவதைப் பார்த்து, அவர் கையைப் பிடித்துப் பக்கத்திலிருந்த வாங்கில் உட்காரவைத்தாள்.

ஜெனோசன் அழைத்தபோது அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கீர்த்தனனின் போனுக்குத்தான் அழைத்தான். மேனுஷா அதைப் பிடுங்கினாள்.

"தம்பி, எனக்கு எல்லாம் தெரியும். சொல்லு."

மறுபக்கத்தில் அவன் அழுதான். அழுதுகொண்டே சொன்னான். ஒப்பரேசன் முடிந்துவிட்டது. அம்மாவை வெளியே கொண்டுவந்துவிட்டார்கள். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று, இரத்தம் கொஞ்சம் கூடப் போனது, ஆனால் பயமில்லை என்று டாக்குத்தர் சொன்னார். எடுத்த கட்டியைச் சோதிக்க அனுப்பியிருக்கிறார்கள். அது எந்த மாதிரியான கட்டி என்று தெரிய ஒரு கிழமை, ஏழு நாளாவது ஆகும்.

மேனுஷா ஆற்றோரச் சுவரில் சாய்ந்து நின்றாள். போனைப் பெரியம்மாவிடம் நீட்டினாள். பெரியம்மா கேட்டுவிட்டு, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். கீர்த்தனன் இருவருக்கும் முதுகைக் காட்டி, படகுகளைப் பார்ப்பதுபோல நின்றான்.

இருட்டத் தொடங்குமுன் ஜெனோசன் மேனுஷாவின் போனுக்கே மறுபடி அழைத்தான். இந்த முறை அவன் குரல் மிகவும் தணிந்திருந்தது. அம்மா விழித்துவிட்டார். பேசவேண்டாம் என்று தாதி சொல்லியும் கேட்கவில்லை. இன்றைக்கு மேனுஷாவோடு பேசவில்லையென்றால் அவள் சந்தேகப்படுவாள், ஒரு நிமிடம் தா என்று அடம் பிடிக்கிறார்.

"உங்களுக்குத் தெரியும் எண்டு அவவுக்குத் தெரியாது. நான் என்ன செய்ய, அக்கா?"

"குடு" என்றாள் மேனுஷா.

போன் எதிலோ உரசுவது கேட்டது. பிறகு அம்மாவின் மூச்சு. பிறகு குரல். நாக்கு வறண்டு, சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு வந்தது.

"பிள்ளை... தடிமன்... தொண்டை அடைச்சுக் கிடக்குது. படிச்சு முடிச்சியோ?"

சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் வாய்வரை வந்தது. பெரியம்மாவும் கீர்த்தனனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓம் அம்மா. முடிச்சிட்டன்."

"சாப்பிட்டியோ?"

"பெரியம்மா பால்கறி வச்சவ. நீங்கள் படுங்கோ. நாளைக்குச் சோதனை முடிய எடுக்கிறன்."

சரி என்பதுபோல ஒரு சத்தம் வந்தது. போனைத் தம்பி வாங்கிக்கொண்டான்.

ஏன் சொல்லவில்லை என்று பெரியம்மா கேட்டார். சொன்னால் அம்மா இரவு முழுவதும் நித்திரை கொள்ளமாட்டார் என்றாள் மேனுஷா. பிறகு போத்தலைத் திறந்து, அத்தனை நேரமும் குடிக்காத தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தாள். இந்த மாலையில் முதல் தடவையாக அவள் ஓரிடத்தில் நின்று பேசினாள்.

"அண்ணை, நாளைக்கு இரவுக்குக் கொழும்புக்கு டிக்கெட் இருக்கோ எண்டு பாருங்கோ. சோதனை எழுதிப்போட்டு அங்கையிருந்தே எயார்போட்டுக்குப் போறன். முடிவு வரேக்கை நான் அம்மாவுக்குப் பக்கத்திலை இருக்கோணும். நான் வாறது அவவுக்குத் தெரியக்கூடாது. தெரிஞ்சா வரவேண்டாம் எண்டுவா."

கீர்த்தனன் உடனே போனில் தேடத் தொடங்கினான். பெரியம்மாவின் முகம் மாறியது. கட்டுரை என்னாகும், திரும்பி வரும்போது விசாவில் சிக்கல் வந்தால் என்ன செய்வது என்று அடுக்கினார். தங்கச்சிக்குச் செய்த சத்தியத்தைப் பற்றியும் சொன்னார். மேனுஷா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

கமலாம்பிகையின் போன் அடித்தது. ஜெனோசன்தான். அம்மா பெரியம்மாவோடும் ஒருக்காப் பேசவேண்டுமாம், பேசினால்தான் கண்ணை மூடுவாராம். வீதி இரைச்சலில் கேட்காது என்று பெரியம்மா ஸ்பீக்கரைப் போட்டார். மேனுஷா கிட்டப் போய், மூச்சுக்கூடக் கேட்காதபடி நின்றாள்.

"அக்கா... அவளுக்கு ஒண்டும் தெரியாதுதானே?"

கமலாம்பிகை மேனுஷாவைப் பார்த்தார். சின்ன வயதிலிருந்து தங்கச்சியிடம் எதையும் மறைத்துப் பழகாதவர். மேனுஷா இல்லை என்று தலையை அசைத்தாள்.

"இல்லையடி ராசாத்தி. அவளுக்கு ஒண்டும் தெரியாது. நீ படு."

மறுபக்கத்தில் நீண்ட நேரம் மூச்சு மட்டும் கேட்டது. உறங்கிவிட்டார் என்றே மூவரும் நினைத்தார்கள்.

"அப்ப ஏன் அக்கா," என்றது அந்த வறண்ட குரல், "எனக்கு இப்ப தடிமன் எப்பிடி எண்டு அவள் ஒரு சொல்லுக் கேக்கேல்லை?"